பூட்டிய அறைகள் திறக்கும் நாள்... செட்டிநாட்டு வீட்டில் ஒரு கத்திரி வெயில் கல்யாணம்!

அதிகாலை 4 மணி. கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரு சிற்றூர். தெருவிளக்கு வெளிச்சத்தில் ஒரு வீட்டின் சுவர் இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெரு வரை நீண்டுகொண்டே போகிறது. வாசலில் வாழை மரம் கட்டியாகிவிட்டது. திண்ணையில் உட்கார்ந்து நாகஸ்வரக்காரர் சீவாளியைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். மதுரையிலிருந்து வந்திருக்கும் போட்டோகிராபர் பையைத் திறந்து கேமராவை எடுக்கிறார். லென்ஸ் முழுக்க ஈரப் படலம்!

இரவு தங்கியது ஏ.சி அறை. பையும் அதே அறையில்தான் இருந்தது. மே மாதப் புழுக்கத்தில் குளிர்ந்த கண்ணாடி வெளியே வந்ததும் காற்றில் இருக்கும் ஈரம் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். துடைத்தால் திரும்பவும் படியும். வெளிக்காற்றின் சூட்டுக்கு கேமரா பழகும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. 6 மணி முகூர்த்தத்துக்கு 4 மணிக்கே அவர் வந்து நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த அரை மணி நேரம் கையில் கேமரா இல்லாமல் வீட்டுக்குள் நடந்தபோதுதான் அவர் ஒன்றைக் கவனித்தார். நேற்று மாலை பூட்டிக் கிடந்த அறைகள் இப்போது ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தன.

42 படங்களின் பட்டியல்

மணமகள் பெங்களூரில் வேலை பார்க்கிறார். மூன்று மாதங்களுக்கு முன்பே போட்டோகிராபருக்கு வாட்ஸ்அப்பில் மாதிரிப் படங்கள் அனுப்பிவிட்டார். வெளிர் நிறச் சேலை, யாருமில்லாத முற்றம், கருங்கல் தூணில் சாய்ந்து நிற்கும் இருவர், ஜன்னல் வழியே விழும் ஒற்றை வெயில் கீற்று. மொத்தம் 42 படங்கள். எல்லாமே அழகு. ஆனால், அந்த 42-ல் ஒன்றில்கூட மூன்றாவது ஆள் இல்லை.

மணமகளின் அப்பா சொன்னது ஒரே ஒரு நிபந்தனைதான். "எப்படி வேணும்னாலும் எடுங்க தம்பி. வீட்டுல ஒரு ஆணி மட்டும் அடிச்சுடாதீங்க. எங்க ஆத்தாவுக்கு ஆகாது."

அவருடைய ஆத்தா, அதாவது மணமகளின் அப்பத்தா, இந்த வீட்டில்தான் இருக்கிறார். வயது 86. பதினெட்டு வயதில் மருமகளாக இந்த நிலைப்படியைத் தாண்டி வந்தவர். இத்தனை பெரிய வீட்டில் இன்று நிரந்தரமாகக் குடியிருப்பது அவரும், துணைக்கு இருக்கும் ஒரு பெண்மணியும்தான். மற்றவர்கள் சென்னையிலும் கோவையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். பொங்கலுக்குச் சிலர் வருவார்கள். கல்யாணம் என்றால்தான் எல்லோரும் வருவார்கள்.

கல்யாணத்துக்காகவே கட்டிய வீடு

செட்டிநாட்டு வீடுகளைப் படம் எடுக்க வருபவர்கள் அதன் பிரமாண்டத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். பர்மா தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலி சலவைக்கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடித் தரை. இவ்வளவு பெரிய வீடு எதற்கு என்ற கேள்விக்கு விடை, வீட்டின் அமைப்பிலேயே இருக்கிறது.

முகப்பும் திண்ணையும் வந்தவர்களை உட்காரவைக்க. அதைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், நான்கு பக்கமும் தூண்கள் தாங்கும் தாழ்வாரம். அடுத்து இரண்டாங்கட்டு, பந்தி பரிமாற. அதற்கும் பின்னால் அடுப்படி. வாசலில் நின்று பார்த்தால் கதவுக்குப் பின் கதவாக, கொல்லைப்புறம் வரை ஒரே நேர்க்கோட்டில் கண் போகும். ஊரையே கூப்பிட்டு, உட்காரவைத்து, சாப்பாடு போட்டு, கல்யாணம் நடத்துவதற்கான வரைபடம் இது. இங்கே மண்டபம் தேவைப்படவில்லை. வீடே மண்டபம்.

வளவைச் சுற்றி இருப்பவை இரட்டை அறைகள். ஒரு மகனுக்குக் கல்யாணம் ஆனால், அவன் குடும்பத்துக்கு உள்ளறையும் வெளியறையுமாக ஓர் இரட்டை அறை. அதில் அவர்கள் சாமான்களை வைத்துப் பூட்டிக்கொள்ளலாம். தலைமுறை மாறினாலும் அந்த அறை அந்தக் கிளைக்குத்தான். இந்த வீட்டின் வளவில் எட்டு இரட்டை அறைகள். எட்டுப் பூட்டு. எட்டுச் சாவியும் எட்டு ஊர்களில்!

நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் லேவாதேவித் தொழில் செய்து ஈட்டிய பணம், 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இந்த ஊர்களில் வீடுகளாக எழுந்தது. 1930-களின் உலகப் பொருளாதார மந்தம் அதற்கு முதல் அடி. 1942-ல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தது அடுத்த அடி. கொடுத்த கடனையும் வாங்கிய நிலத்தையும் விட்டுவிட்டு நடந்தே ஊர் திரும்பியவர்கள் உண்டு. அதற்குப் பிறகு இப்படிப்பட்ட வீடுகளைப் புதிதாகக் கட்டுவது நின்றுபோனது. இருக்கிற வீடுகளுக்குப் பங்காளிகள் பெருகினார்கள். ஓடு மாற்ற வேண்டும் என்றால்கூட எல்லாப் பங்காளிகளும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

செட்டிநாட்டு ஊர்கள் 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. சில வீடுகள் ஹோட்டல்களாக மாறிப் பிழைத்துக்கொண்டன. ஒத்துப்போக முடியாத வீடுகளின் தூண்களும் நிலைகளும் கதவுகளும் தனித்தனியாகக் கழன்று, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. இன்று இந்த வீட்டில் எடுக்கும் படத்தில் இருக்கும் கதவு, இன்னும் 20 வருடங்கள் கழித்து எங்கே இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வெயிலைப் படிப்பது

போட்டோகிராபர் முந்தைய நாளே வந்து இரண்டு மணி நேரம் வீட்டைச் சுற்றிப் பார்த்திருந்தார். பார்த்தது தூணையோ சிற்பத்தையோ அல்ல, வெயிலை!

காரைக்குடிப் பக்கம் ஏப்ரல் நடுவில் சூரியன் உச்சி வேளையில் நேராகத் தலைக்கு மேலே நிற்கும். மே நடுவில் கொஞ்சம் வடக்கே சாயும், அவ்வளவுதான். அதனால் 12 மணி வாக்கில் வளவுக்குள் வெயில் கிணற்றில் விழுவதுபோல் நேராக விழும். முற்றத்தில் நிற்பவர்களின் நெற்றியும் மூக்கும் பளீரென்று எரியும், கண்கள் இரண்டும் நிழல் குழியாகிவிடும். இரண்டடி தள்ளித் தாழ்வாரத்தில் நிற்பவர்களோ இருட்டில் கரைந்துவிடுவார்கள். முற்றத்துக்கு ஏற்றபடி கேமராவை வைத்தால் தாழ்வாரம் கறுப்பு. தாழ்வாரத்துக்கு ஏற்றபடி வைத்தால் முற்றம் வெறும் வெள்ளை.

'ப்ளாஷ் இருக்கிறதே' என்று தோன்றலாம். சாதாரண மண்டபத்தில் ப்ளாஷை மேலே திருப்பினால், வெள்ளைக் கூரையில் பட்டு மென்மையாகத் திரும்பி வரும். இங்கே கூரை தேக்கு. அது வெளிச்சத்தைக் குடித்துவிடும். திரும்பி வரும் கொஞ்சமும் காப்பி நிறத்தில் வரும். சுவர்ப் பக்கம் திருப்பினால், மெருகேற்றிய சுண்ணாம்பில் ப்ளாஷே பொட்டு வைத்ததுபோல் தெரியும். ஆள் உயர பெல்ஜியம் கண்ணாடிகளில் மணமக்களுக்குப் பின்னால் போட்டோகிராபரே எட்டிப் பார்ப்பார்!

ஆத்தங்குடித் தரைக்கும் தனிக் குணம் உண்டு. கண்ணாடிப் பலகையின் மேல் நிறக் கலவையை ஊற்றி, சிமென்ட்டும் மணலும் சேர்த்துக் கையால் ஒவ்வொன்றாகச் செய்யப்படும் கற்கள் அவை. பல வருடங்கள் நடந்து நடந்து பளபளப்பு ஏறிய தரை, தன் சிவப்பையும் பச்சையையும் மேலே நிற்பவரின் முகவாயில் பூசிவிடும். இதைத் தெரிந்துகொண்டு ஆளை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்ய வேண்டும். கம்ப்யூட்டரில் பிறகு சரிசெய்ய முயன்றால் பட்டுச் சேலையின் நிறமும் சேர்ந்து மாறிப்போகும்.

இவற்றைப் பார்த்துவிட்டு அவர் ஒரு தாளில் நேரத்தை எழுதிக்கொண்டார். 6 முதல் 8 வரை முகூர்த்தம். 8 முதல் 11 வரை சடங்குகள், பந்தி. 11 முதல் 12.30 வரை இரண்டாங்கட்டிலும் மாடியிலும் மணமக்களின் தனிப் படங்கள். ஒன்றரைக்குள் நல்ல நேரம் பார்த்து மணமகள், மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். அந்தப் பட்டியலின் 42 படங்களுக்கும் இந்த வீட்டில் கிடைப்பது அந்த ஒன்றரை மணி நேரம் மட்டுமே.

மாலையும் ஒப்பந்தமும்

5 மணிக்கெல்லாம் வளவு நிறைந்துவிட்டது. ஒரு பக்கம் சீர்ச் சாமான்கள் பரப்பியிருக்கின்றன. வெள்ளி, பித்தளை, எவர்சில்வர், மங்கு என்று வரிசை வரிசையாக. அப்பத்தா காலத்து மங்குத் தூக்குகூட அதில் இருக்கிறது.

நகரத்தார் கல்யாணத்தில் போட்டோகிராபர் தவறவிடக் கூடாத சில தருணங்கள் உண்டு. முதலாவது, கோயில் மாலை. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என ஒன்பது நகரக் கோயில்கள். ஒவ்வொரு குடும்பமும் இவற்றில் ஒன்றைச் சேர்ந்தது. மணமகன், மணமகள் இருவரின் கோயில்களிலிருந்தும் மாலை வர வேண்டும். கல்யாணம் ஆனதும் புதுத் தம்பதி மணமகனின் கோயிலில் ஒரு 'புள்ளி'யாகக் கணக்கில் சேர்வார்கள். அதுவரை அப்பாவின் புள்ளிக்குள் இருந்த பெண், அன்றோடு கணவரின் கோயிலுக்கு உரியவராகிறார்.

இரண்டாவது, இசைகுடிமானம். இரு வீட்டாரும் எழுதிக்கொள்ளும் திருமண ஒப்பந்தம். அந்தக் காலத்தில் ஓலையில் எழுதினார்கள், இப்போது காகிதத்தில். கையெழுத்துப் போடும் விரல்களும், மூக்குக் கண்ணாடியைத் தேடும் பெரியவரின் முகமும் ஒரே படத்தில் வந்தால் அது நல்ல படம்.

மூன்றாவது, திருப்பூட்டுதல். மஞ்சள் கயிற்றில் பல தங்க உருக்கள் கோத்த கழுத்துருவும் தாலியும் மணமகளின் கழுத்தில் ஏறும் நேரம். இங்கேதான் காலை வெளிச்சம் விளையாடும். முகூர்த்தம் தொடங்கும்போது வளவில் இருப்பது டியூப்லைட்டும் அலங்காரக்காரரின் எல்.இ.டி விளக்குகளும். முடியும்போது மேலிருந்து நீல நிற விடியல் இறங்கியிருக்கும். இரண்டும் கலக்கும் அந்த இருபது நிமிடங்களில் ஒரே முகத்தின் ஒரு பாதி மஞ்சளாகவும் மறுபாதி நீலமாகவும் தெரியும். எல்.இ.டி வெளிச்சத்தில் ஷட்டரை வேகமாக வைத்தால் படத்தில் கோடு கோடாக விழும்.

போட்டோகிராபர் அலங்காரக்காரரிடம் போய்க் கேட்டார். "அண்ணே, விடிஞ்சதும் அந்த வண்ண லைட்டை மட்டும் அணைச்சிடலாமா?" அலங்காரக்காரர் ஒரு முறை முறைத்துவிட்டு, அணைத்தார். கெட்டிமேளம் கொட்டியபோது வளவில் இருந்தது வானத்து வெளிச்சமும் குத்துவிளக்கும்தான். அன்றைய நாளின் அழகான படங்கள் அப்போதுதான் கிடைத்தன.

"அந்தப் பையை எடுங்க தம்பி..."

காலைப் பலகாரம் முடிந்தது. வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் சாப்பிட்ட களைப்பில் சிலர் தூண்களில் சாய்ந்துவிட்டார்கள். வெயில் ஏறிவிட்டது. வீடியோ கேமரா சூடு தாங்காமல் ஒருமுறை தானாக அணைந்து, ஈரத் துணிக்குப் பக்கத்தில் மின்விசிறிக் காற்றில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது.

கல்யாண ஏற்பாட்டாளர் தரப்பிலிருந்து ஒரு இளைஞர் கலர் புகைக்குச்சிகளுடன் வந்தார். வளவில் கொளுத்தி, அந்தப் புகையிலிருந்து மணமக்கள் நடந்து வருவதுபோல் எடுக்கலாம் என்பது யோசனை. மணமகளின் அப்பா சுவரைத் தடவிக் காட்டினார். நூறு வருடங்களுக்கு முன் பூசிய சுண்ணாம்பு, இன்னும் பளிங்கு மாதிரி இருக்கிறது. சாயப்புகை ஒருமுறை படிந்தால் போகாது. மறுபடி அப்படிப் பூசத் தெரிந்த கைகளும் இப்போது குறைவு. குச்சிகள் பெட்டிக்குத் திரும்பின.

சரியாக 11 மணி. மணமக்களை மாடிக்கு அழைத்துப் போக உதவியாளர் தயாராக இருந்தார். லைட் ஸ்டாண்டுகள், பைகள் எல்லாவற்றையும் வளவின் ஒரு மூலையில், பூட்டியிருந்த ஓர் அறை வாசலில் குவித்து வைத்திருந்தார். எட்டு அறைகளில் ஏழு திறந்திருந்தன. திறக்காமல் இருந்த ஒன்று என்பதால், யாருக்கும் இடைஞ்சல் இல்லாத இடம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

அப்பத்தா கம்பை ஊன்றிக்கொண்டு மெதுவாக வந்தார். "தம்பி, அந்தப் பையை எல்லாம் எடுத்துருங்க. அது அவுக வர்ற வாசல்."

"யாரு ஆச்சி வர்றாங்க?"

"ஈப்போவுல இருக்காக. இந்தத் தடவை வர முடியல. அதுக்காக வாசல அடைச்சு வைக்கலாமா?"

பைகள் நகர்ந்தன. அந்த இடத்தைக் கூட்டச் சொல்லி, அரிசி மாவில் சின்னதாக ஒரு கோலம் போடவைத்து, ஒரு விளக்கையும் ஏற்றிவைத்தார் அப்பத்தா. பிறகு போட்டோகிராபரைப் பார்த்துக் கேட்டார். "எல்லாரையும் அவுக அவுக அறை வாசல்ல நிக்க வச்சு ஒரு படம் எடுத்துக் குடுப்பீகளா? எங்க மாமனார் இருக்கும்போது அப்படி ஒண்ணு எடுத்தாக. அதுக்கப்புறம் எட்டு வாசலும் நெறஞ்சு நான் பாக்கல."

நூற்றுக்கும் மேல் ஆட்கள். உச்சி வெயில். எடுக்கவே கூடாத நேரம். எடுத்து முடிக்கக் குறைந்தது ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம், மணமகளின் பட்டியலுக்காக ஒதுக்கியது. சாயங்காலம் எடுக்கலாம் என்றாலும் முடியாது. மதியச் சாப்பாடு முடிந்தால் பாதிப் பேர் ரயிலுக்கும் விமானத்துக்கும் கிளம்பிவிடுவார்கள். மணமகளே இங்கே இருக்க மாட்டார்.

அவர் மணமகளிடம் உள்ளதைச் சொன்னார். "மேடம், இதை எடுத்தா உங்க லிஸ்ட்ல நெறைய விட்டுப்போகும். நீங்கதான் சொல்லணும்."

மணமகள் போனைத் திறந்து பட்டியலைப் பார்த்தார். அப்பத்தா கோலத்தின் பக்கத்தில் நின்று விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்ததையும் பார்த்தார். "மாடிப் படம் வேணாம்ணா. அப்பத்தா சொன்னதை எடுத்துடுங்க."

வேட்டித் துணியும் வெளிச்சமும்

இனி உச்சி வெயிலுக்கு ஒரு வழி செய்தாக வேண்டும். பந்திக்காரரிடம் மேசை விரிப்புக்கு வைத்திருந்த வெள்ளைக் காடாத் துணி மிச்சம் இருந்தது. முற்றத்தின் மேல் இரும்புக் கிராதி உண்டு. மாடித் தாழ்வாரத்திலிருந்து நாலு பேர் கை நீட்டி, கிராதியில் துணியைக் கட்டினார்கள். போதாத இடத்தில் இரண்டு புது வேட்டிகள். ஓர் ஆணி அடிக்கவில்லை, ஒரு டேப் ஒட்டவில்லை.

துணி விரிந்ததும் வளவே மாறியது. கொட்டிய வெயில் வடிகட்டி, பால் மாதிரி இறங்கியது. முற்றத்துக்கும் தாழ்வாரத்துக்கும் இருந்த வெளிச்ச வித்தியாசம் பாதியாகக் குறைந்தது. நிறம் பூசாத வெள்ளை வெளிச்சம் வேண்டும் என்றால் நிறம் இல்லாத துணி வேண்டும். அதனால்தான் பக்கத்திலேயே மடித்துக் கிடந்த மஞ்சள் நிறப் பந்தல் துணியை அவர் தொடவில்லை.

கேமரா மாடித் தாழ்வாரத்தின் கிழக்குப் பக்கம் ஏறியது. அங்கிருந்து மூன்று பக்கத்து வாசல்கள்தான் தெரியும். கேமராவுக்கு நேர் கீழே இருக்கும் இரண்டு அறைக்காரர்கள் முற்றத்தின் முன்வரிசையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். அகலமான லென்ஸ் ஓரத்தில் நிற்பவர்களை இழுத்து அகலமாக்கிக் காட்டும். அதனால் வயதானவர்கள் ஓரத்துக்குப் போகாமல் உள்ளே தள்ளி உட்காரவைக்கப்பட்டார்கள். முன்னால் உட்கார்ந்திருப்பவரும் பின்வாசலில் நிற்பவரும் தெளிவாக விழ வேண்டும் என்பதால் எஃப்/8. ஆட்கள் அசைவார்கள் என்பதால் ஷட்டர் 1/125.

உண்மையான வேலை, ஆட்களை நிறுத்துவதுதான். "நாங்க எந்த வாசல் அப்பச்சி?" என்று கேட்ட கல்லூரிப் பெண்களைப் பார்த்துப் பெரியவர்கள் சிரித்தார்கள். இரண்டு தலைமுறையாகப் பேசிக்கொள்ளாத இரு குடும்பங்களின் அறைகள் அடுத்தடுத்து. படத்துக்காக நெருங்கி நின்றார்கள். அவ்வளவுதான், பேசிக்கொள்ளவில்லை.

கட்டிக்கொடுத்த பெண்கள் எங்கே நிற்பது என்று ஒரு கேள்வி எழுந்தது. வழக்கப்படி அறைகள் மகன்களுக்குத்தானே? "பொறந்த வாசல்லயே நில்லுங்கடி" என்று அப்பத்தா முடித்துவைத்தார். மணமகளும் மாப்பிள்ளையும் முற்றத்தின் நடுவில், காலையில் கல்யாணம் நடந்த அதே இடத்தில். பக்கத்தில் நாற்காலியில் அப்பத்தா.

ஈப்போக்காரர்களின் வாசலில் கோலமும் விளக்கும் மட்டும்.

உதவியாளர் கீழே நின்று கைதட்டி எல்லோரையும் மேலே பார்க்கவைத்தார். நூறு பேரில் யாராவது ஒருவர் கண் சிமிட்டத்தான் செய்வார்கள். எனவே, விடாமல் 30 படங்கள். 12.20-க்குத் துணி அவிழ்ந்தது. மறுபடி வளவு நெருப்பாகியது.

மிச்சமிருந்தது கால் மணி நேரம். மணமக்கள் இரண்டாங்கட்டுத் தூண் பக்கத்தில் நின்றார்கள். பக்கவாட்டு ஜன்னலின் வண்ணக் கண்ணாடி வழியே வந்த வெளிச்சம் சேலைத் தலைப்பில் விழுந்தது. 42-ல் பதினொன்று கிடைத்தன. பதினொன்றும் நன்றாகவே வந்தன.

உங்கள் வீட்டுக் கல்யாணத்திலும்...

செட்டிநாட்டு வீடோ, கிராமத்துப் பழைய ஓட்டு வீடோ, பூர்வீக வீட்டில் கல்யாணம் வைக்கும் எண்ணம் இருந்தால் இவற்றை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளலாம்.

* கல்யாணம் நடக்கும் அதே நேரத்தில், முந்தைய நாள் போட்டோகிராபரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வெயில் எங்கே விழுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

* பழைய சுண்ணாம்புச் சுவரில் டேப் ஒட்டினால் பூச்சும் சேர்ந்து பெயர்ந்து வரலாம். தோரணத்தைத் தூணைச் சுற்றிக் கயிற்றால் கட்டச் சொல்லுங்கள்.

* லைட் ஸ்டாண்டு, நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் உறை அவசியம். ஆத்தங்குடித் தரை சிமென்ட்டால் ஆனது. எலுமிச்சை, புளி போன்றவை சிந்தினால் உடனே துடைக்க வேண்டும்.

* தேக்குக் கூரையும் திரைச்சீலையும் இருக்கும் இடத்தில் பொறி பறக்கும் இயந்திரம், புகைக்குச்சி வேண்டாம்.

* பெரிய குடும்பப் படத்துக்கு என்று தனியாக ஒரு மணி நேரம் எழுதிவைத்துவிடுங்கள். பந்திக்கு முன்பாக எடுத்துவிடுவது நல்லது. சாப்பிட்ட பிறகு யாரையும் பிடிக்க முடியாது!

* யாரெல்லாம் படத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பதை வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதிக் கொடுங்கள். மாதிரிப் படங்களின் பட்டியலோடு அதுவும் போட்டோகிராபர் கையில் இருக்கட்டும்.

பழைய ஆணி

அன்று எடுத்தவை சுமார் 4,000 படங்கள். அன்றிரவே இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் பிரதி. அடுத்த சில வாரங்களில் கழித்துக் கழித்து 600 ஆனது. ஆல்பத்தின் அட்டைக்கு மணமகள் தேர்ந்தெடுத்தது, விடியல் வெளிச்சத்தில் திருப்பூட்டிய படத்தை. நடுப்பக்கத்தில், இரண்டு பக்கமும் விரிந்து நிற்பது வளவுப் படம்.

அதைப் பெரிதாக அச்சிட்டு, சட்டம் போட்டு ஊருக்கு அனுப்பினார்கள். முகப்புச் சுவரில் பழைய படங்களின் வரிசை இருக்கிறது. தலைப்பாகையோடு உட்கார்ந்திருக்கும் கொள்ளுத்தாத்தா, ரங்கூனில் எடுத்த ஒரு கடைப் படம், யாரும் சிரிக்காத ஒரு கறுப்பு வெள்ளைக் கல்யாணக் கூட்டம். அந்த வரிசையின் கடைசியில் ஓர் ஆணி மட்டும் காலியாக இருந்தது. முன்பு நாட்காட்டி தொங்கிய ஆணி. புதிதாக ஒன்று அடிக்க வேண்டியிருக்கவில்லை. புதுப் படம் அதில் ஏறியது.

போனிலும் அந்தப் படம் எல்லா ஊர்களுக்கும் போனது. சிங்கப்பூரிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் இதயக் குறிகள் வந்து குவிந்தன. ஈப்போவிலிருந்து வந்தது ஒரே ஒரு கேள்வி.

'எங்க வாசல்ல விளக்கு ஏத்துனது யாரு?'

அப்பத்தாவுக்கு வாட்ஸ்அப் பார்க்கத் தெரியாது. மகன் படித்துக் காட்டினார். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார். "சாவியத் தொலைச்சுடாம வச்சிருக்காகளான்னு கேட்டு எழுது."